கடல் காணாதவளின் கடல் கதைகள்

பிரபவ வருஷம், ஆவணி 8
கோட்டைக்குப்பம்

திருப்பாலைவனத்தில் இருக்கும் ராஜாத்திக்குப் பச்சையம்மா எழுதுவது.

உப்புக்கார வேணு நாளைக்குக் கழுதைகளோடு உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறான். இந்த ஓலையோடு ஒரு சுவடியும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். கடல் கதை வேண்டும், கப்பல் கதை வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, இந்தா. என் நைனாவின் கூத்து ஏடுகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு வணிகன் பெண்டாட்டி காணாமல்போன புருஷனைத் தேடிக் கப்பலேறி, யாரும் உழாமலே நெல் விளைகிற தீவுக்குப் போய்ச் சேருகிறாள். இது பாதிதான். மீதியைத் தேடி எடுத்து அடுத்த தடவை அனுப்புகிறேன்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. எழுதினவன் கடலைப் பார்த்தவனே இல்லை. கப்பல் போகிறது, போகிறது என்கிறான். ஒருத்திக்கும் வாந்தி வரவில்லை. அலை தாலாட்டுகிறதாம். எங்கள் முகத்துவாரத்துக்கு வந்து ஒரு நாள் அந்தத் தாலாட்டை வாங்கிப் பார்க்கட்டும்.

எனக்கு வேண்டியது பேய்க் கதை. நீ அனுப்பினதைத் திரும்பத் திரும்பப் படித்தாயிற்று. செத்துப்போனவள் கிணற்றடியில் உட்கார்ந்து தன் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிற இடம் வந்ததும், என் வீட்டுக்காரர், உன் மாமா, கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். உன் நைனா கூத்துக்காரர்களுக்கு ஏடு எழுதிக் கொடுத்தவர்தானே, அவர் பெட்டியில் இன்னும் இருக்கும். தேடு.

போன வருஷம் உங்கள் கோயில் திருவிழாவில் கூத்துக்காரன் வாயைத் திறக்கும் முன்னே சிரித்தவள் நீ ஒருத்திதான். “இன்னாடி, முன்னாலியே சிரிக்கிறே”னு கேட்டதற்கு, “படிச்சிருக்கேன்க்கா, இப்ப கோமாளி விழப்போறான்”னு சொன்னாய். படிக்கிற பெண் இன்னொருத்தி இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இங்கே கோட்டையை வைத்திருக்கும் உலாந்தா வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் வந்து கடலில் நிற்கின்றன. உன் மாமாவுக்குக் கோட்டைப் படகில் துடுப்புப் போடும் வேலை. கரைக்கும் கப்பலுக்குமாக ஓய்வே இல்லை. உள்நாட்டிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தினமும் வந்து கரையில் உட்காருகிறார்கள். படை வந்து நெல்லை வாரிப்போனதாம், மழையும் இல்லையாம். உங்கள் ஊரில் எப்படி? எழுது.

பச்சையம்மா

•

ஆவணி 21
திருப்பாலைவனம்

அக்காவுக்கு ராஜாத்தி கும்பிடு போட்டு எழுதுகிறேன்.

நீ கதையைத் திட்டு, பரவாயில்லை. எனக்கு அது போதவில்லை. அவள் கப்பலேறும் இடத்தை வாய்விட்டுப் படித்தபோது எனக்குக் கால் கூசியது, தரை ஆடுகிற மாதிரி. கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏரியை மாத்திரம் பார்த்திருக்கிறேன், அதுவும் தூரத்திலிருந்து. தெரியாததால்தான் எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கின்றன போலிருக்கிறது. பேயை நீ பார்த்திருக்கிறாயா? இல்லையே. நீ மட்டும் பேய்க்கு ஆசைப்படலாம், நான் கடலுக்கு ஆசைப்படக் கூடாதா?

முதலில் என் பெண் கஸ்தூரிக்கு மட்டும் படித்தேன். பிறகு பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் வந்தாள், அவள் ஓர்ப்படி வந்தாள். இப்போது சாயங்காலம் ஆனால் வாசல் நிறைந்துவிடுகிறது. அந்தத் தீவில் அவள் முதல் நாள் சோறு வடிக்கிறாள் அல்லவா, அந்த இடத்தை மறுபடி படி, மறுபடி படி என்கிறார்கள். கஞ்சி எந்த நிறத்தில் இருந்தது என்றுகூட ஒருத்தி கேட்டாள். ஏட்டில் அது இல்லை. நானே சொல்லி வைத்தேன்.

அக்கா, உனக்கு ஓர் அதிசயம். கஸ்தூரியின் நைனா கதை கேட்கிறார். நான் ஏட்டைக் கையில் எடுத்தாலே “வேலை இல்லியா”னு கேட்கிற மனுஷன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “அந்தத் தீவு எந்தப் பக்கம் இருக்குது”னு கேட்டார்.

எனக்குப் படிக்க இப்போது நேரம் நிறைய. மாடு இல்லாததால் தொழுவ வேலை கிடையாது. மீதிக் கதையைச் சீக்கிரம் அனுப்பு. பேய்க் கதை தேடுகிறேன்.

ராஜாத்தி

•

புரட்டாசி 3
கோட்டைக்குப்பம்

ராஜாத்திக்கு,

உன் ஓலையைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அப்புறம் வேணுவைக் கூப்பிட்டு, மாடு எங்கே போனது என்று கேட்டேன். பிடித்து உலுக்கின பிறகு சொன்னான். “மாடு செத்துப்போச்சுக்கா. அந்த ஊர்ல யார் ஊட்லயும் மாடு இல்ல. புளியங்கொட்டைய வறுத்து ஊறவெச்சித் தின்றாங்க. உப்பு வாங்கறதுக்குக்கூட ஆளு இல்ல.”

ஓலை முழுக்கக் கதையைப் பற்றி எழுதினாய். கஞ்சி நிறம் கேட்டார்கள் என்று எழுதினாய். அது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. நானும் பேய்க் கதை தேடு என்று உன்னை வேலை ஏவிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் சொல்வதற்கு உனக்கு என்னடி வெட்கம்?

வேணுவிடம் கருவாடு ஒரு கூடை கொடுத்திருக்கிறேன். உப்பு மூட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவான், வழியில் பறித்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் கருவாட்டு வாசனை ஆகாது என்று உன் மாமியார் சொன்னால், மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னச் சொல்.

மீதிக் கதையும் கூடையிலேயே வைத்திருக்கிறேன். அனுப்ப மனசில்லை. ஆனால் வாசல் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறாயே, அவர்களை எப்படி ஏமாற்றுவது?

இங்கே கோட்டைக்குத் தெற்கே பனைமட்டை வைத்துப் பெரிய பட்டி ஒன்று அடைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் சோறு என்று சொல்லி ஒரு தரகன் ஜனங்களைக் கூட்டி வருகிறான். உள்ளே போனவர்கள் யாரும் வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

பதில் எழுது. கதையைப் பற்றி அல்ல.

பச்சையம்மா

•

புரட்டாசி 14
திருப்பாலைவனம்

அக்காவுக்கு,

கருவாடு வந்தது. மாமியார்தான் முதலில் எடுத்தார்கள். கஸ்தூரி தின்றுவிட்டு விரலை நெடுநேரம் சப்பிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லாததற்குக் கோபிக்காதே. உனக்கு எழுத உட்காரும்போது மட்டும்தான் நான் வேறு ஆளாக இருக்கிறேன். அதிலேயும் பசியைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டாம் என்று பார்த்தேன்.

நீ கேட்டபடி கதையைப் பற்றி எழுதவில்லை. நிஜத்தையே எழுதுகிறேன். தருமலிங்கம் என்று ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார். நல்ல வெள்ளை வேட்டி, இனிமையான பேச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சீமை இருக்கிறதாம். அங்கே வருஷம் முழுக்க மழையாம், கை போதாமல் நெல் வயலிலேயே உதிர்கிறதாம். குடும்பத்தோடு வந்தால் வீடு தருவார்களாம். செல்வம்மாளும் புருஷனும் போன வாரமே போய்விட்டார்கள்.

கஸ்தூரியின் நைனா வந்து என்னிடம் சொன்னார். “நீ படிச்சியே, அதே மாதிரி இருக்குது. நெசமாவே அப்படி ஒரு ஊரு இருக்குது ராஜாத்தி.”

“அது கதைங்க”ன்னேன்.

“இல்லாததையா எழுதி வைப்பாங்க”னு கேட்டார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது அக்கா. உண்மையைச் சொல்லட்டுமா? பயமாக இருக்கிறது, ஆனால் ஆசையாகவும் இருக்கிறது. கப்பலைப் பார்ப்பேன் அல்லவா? எங்களைப் படகில் ஏற்றிப் போகிறவர் மாமாவாகவே இருக்கலாம். கரையில் உன்னையும் ஒருமுறை பார்த்துவிடுவேன். இந்த மாசம் முடிவதற்குள் போக வேண்டுமாம். உனக்குத் தெரிந்ததை எழுது.

ராஜாத்தி

•

புரட்டாசி 16
கோட்டைக்குப்பம்

ராஜாத்தி,

வராதே. இந்த ஓலையில் வேறு எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படி. வராதே.

உன் ஓலை வந்ததும் உன் மாமாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். படகில் என்ன ஏற்றுகிறாய் என்று இத்தனை நாள் நான் கேட்டதில்லை. துணி மூட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஜனங்கதான். அவங்கள வாங்கிட்டாங்க. கூலிக்கில்ல, அடிமையா. ஆம்பளைங்கள ரெண்டு ரெண்டு பேராக் கட்டி வெக்கிறாங்க. கப்பல் அடித்தட்டுல குனிஞ்சிதான் ஒக்காரணும். அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாக்கல.”

“நீயா ஏத்தறே”னு கேட்டேன்.

“நான் ஏத்தலன்னா என்னையும் ஏத்துவாங்க”ன்னார்.

நேற்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் போடுகிறேன்.

தரகன் சொல்லும் சீமையில் நெல் விளையலாம். அது உனக்கு விளையாது. அந்தக் கதை எழுதினவனுக்கு எத்தனை கற்பனையோ, தருமலிங்கத்துக்கும் அத்தனை.

இப்போது நான் சொல்வதைக் கேள். கோட்டை வழியே வேண்டாம், அங்கே அவன் ஆட்கள் நடமாடுகிறார்கள். ஏரியின் மேற்குக் கரையில், உங்கள் ஊருக்கு வடக்கே, என் பெரியம்மா மகள் ஜெயம்மா இருக்கிறாள். அங்கே பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். ஏரியில் தண்ணீர் குறைந்திருப்பதால் இறால் கிடைக்கிறது. வயிறு முழுக்க நிறையாது, உயிர் நிற்கும். வேணு வழி காட்டுவான். மூன்று பேரும் போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொள்.

மாசம் முடியும்வரை ஒளிந்திருந்தால் போதும். ஐப்பசி பிறந்து காற்று மாறிவிட்டால் கப்பல் இங்கே நிற்க முடியாது.

பச்சையம்மா

•

புரட்டாசி 22
திருப்பாலைவனம்

அக்காவுக்கு,

உன் ஓலை வருவதற்கு முந்தின நாளே இவர் தருமலிங்கத்தோடு கிளம்பிவிட்டார். முதலில் தான் போய்ப் பார்த்துவிட்டு, நல்லபடியாக இருந்தால் திரும்பி வந்து எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். “கப்பல எட்ட நின்னு பாத்துட்டு வந்துர்றேன்”னார். இன்னும் வரவில்லை.

நீ எழுதியதைப் படித்து முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. உன் வீட்டில் மீன் இருக்கிறது. போகாதே என்று சொல்ல உனக்கு முடிகிறது. இங்கே மாமியார் படுத்துவிட்டார்கள், முந்தாநாள் காலையில் போய்விட்டார்கள். தூக்க நாலு ஆண்பிள்ளை ஊரில் கிடைக்கவில்லை, நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. அவர் உள்ளே இருந்தால், நானும் கஸ்தூரியும் போனால்தானே ஒரே கப்பலில் ஏற முடியும்? அடிமையோ எதுவோ, மூன்று பேரும் ஒன்றாக இருப்போம். தருமலிங்கத்தின் ஆள் வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறான். அவனோடு வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அவர் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல். உனக்கு அவர் முகம் தெரியாது. ஒல்லியாக, உயரமாக இருப்பார். அப்படித்தான் இப்போது எல்லோரும் இருக்கிறார்கள்.

ராஜாத்தி

•

புரட்டாசி 25
கோட்டைக்குப்பம்

ராஜாத்தி,

வேணு இன்று உப்பு ஏற்றவில்லை. இந்த ஓலைக்காகவே வருகிறான். அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் மூச்சுவிடுவேன்.

உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

காவல்காரர்களுக்கு மீன் விற்கிற சாக்கில் கூடையோடு பட்டிக்குப் போனேன். மட்டை இடுக்கில் பார்த்தால் எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. சடையன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் காவல்காரனுக்குச் சந்தேகம் வரும். என்ன செய்வதென்று தெரியாமல், மீன் கூவுகிற ராகத்திலேயே அந்தத் தீவுக் கதையின் முதல் அடியைச் சொன்னேன். வணிகன் பெண்டாட்டி கரையில் நின்று காற்றிடம் கேட்கிறாளே, அந்த இடம். பட்டியைச் சுற்றி நடந்துகொண்டே கூவினேன். காவல்காரன், “இன்னா மீனு அது”னு சிரித்தான்.

தெற்கு மூலைக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் அடுத்த அடியைச் சொன்னது. தப்பாகத்தான் சொன்னது. உன் வாயால் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாதிதான் பாடமாகியிருக்கிறது. கையை இன்னொருவன் கையோடு கட்டியிருந்தார்கள்.

“பச்சையம்மா அக்காவா”ன்னார். ஆமாம் என்றேன்.

“ராஜாத்தியாண்ட சொல்லு. வர வாணாம்னு சொல்லு. கஸ்தூரிய கூட்டினு இந்தப் பக்கமே வர வாணாம்.”

“ஒண்ணா இருக்கலாம்னு சொல்றா”ன்னேன்.

“ஒண்ணா வெக்க மாட்டாங்க. செல்வம்மாள ஒரு கப்பல்ல, அவ புருஷன ஒரு கப்பல்ல ஏத்திட்டாங்க. நான் பாத்தேன். எம்பொண்ண என் கண்ணு முன்னால தனியா ஏத்தறத நான் பாக்கணுமா? சொல்லு அவளாண்ட.”

அதற்குள் காவல்காரன் வந்துவிட்டான்.

இது என் பேச்சு இல்லை. உன் புருஷன் பேச்சு. இனி நீ யோசிக்க ஒன்றும் இல்லை. ஓலையைப் படித்த கையோடு கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு வேணுவோடு புறப்படு. வெள்ளிக்கிழமை அவன் ஆள் வரும்போது உன் வீடு காலியாக இருக்க வேண்டும்.

அவரை வெளியே எடுக்க முடியுமா என்று உன் மாமாவிடம் கேட்டிருக்கிறேன். ஆமாம், பேசிவிட்டேன்.

பச்சையம்மா

•

ஐப்பசி 9
ஏரிக்கரை

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். வழியில் ஒரு கூட்டம் எங்களை நிறுத்தி மூட்டையைப் பிரித்தது. உள்ளே ஏடுகள்தான் இருந்தன. அவற்றை மண்ணில் கொட்டிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். வேணு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். சில ஓலைகள் போயின, எந்தக் கதையில் என்று இன்னும் பார்க்கவில்லை.

ஜெயம்மா நல்லவள், அதிகம் பேசாதவள். தண்ணீரில் குந்தி உட்கார்ந்து சேற்றைத் தடவச் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் என் கையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை, விரலெல்லாம் குத்துப்பட்டது. இப்போது கூடைக்கு அடி தெரியாத அளவு கிடைக்கிறது. கஸ்தூரிக்கு முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. காற்று வடக்கேயிருந்து அடிக்கிறது. காற்று மாறினால் கப்பல் நிற்காது என்று நீ எழுதியிருந்தாய். அதனால் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஜெயம்மா இருக்கும்போது இதைக் கேட்க எனக்குத் தைரியம் வருகிறது, தனியாக இருந்தால் வராது. ஆகையால் இப்போதே எழுதிவிடுகிறேன். அவர் எங்கே?

ராஜாத்தி

•

ஐப்பசி 14
கோட்டைக்குப்பம்

ராஜாத்திக்கு,

எழுத்தாணியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன். சுற்றி வளைத்தால் உனக்குத்தான் கஷ்டம்.

போய்விட்டார். புரட்டாசி கடைசியில் கப்பல் கிளம்பியது.

உன் மாமா முயன்று பார்த்தார். இவன் எங்கள் ஆள், படகுக் கூலிக்கு வந்தவன், தெரியாமல் உள்ளே பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று காவல் தலைவனிடம் போய்ச் சொன்னார். துடுப்புப் போட்ட கையா இது என்று அவன் சடையனின் கையைப் பிரித்துக் காட்டி, தடியால் உன் மாமாவின் முகத்தில் அடித்தான். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

கடைசிப் படகில்தான் அவரை ஏற்றினார்கள். உன் மாமாதான் அந்தப் படகில் துடுப்புப் போட்டார். வேறு ஆள் போட வேண்டாம், நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிப் போனார். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டபோது எல்லோரும் அலறினார்களாம். சடையன் மட்டும் உன் மாமாவிடம் கேட்டாராம், “அவங்க ரெண்டு பேரும் வரலியே?” வரவில்லை என்றதும், “செரி”ன்னு சொல்லிவிட்டுக் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம்.

கப்பல் எந்த ஊருக்கு என்று கேட்டுச் சொல்கிறேன். கடல் தாண்டி ரொம்ப தூரத்தில் இருக்கும் படாவி என்று ஒருவன் சொல்கிறான், இலங்கை என்று இன்னொருவன் சொல்கிறான்.

அந்தச் சுவடியை நான் உனக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் அவர் தரகன் பேச்சை நம்பியிருக்க மாட்டார். இனி உனக்குக் கதை அனுப்ப என் கை வராது.

பச்சையம்மா

•

தை 2
ஏரிக்கரை

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் அவர் திரும்பி உட்கார்ந்த இடத்துக்கே வந்து நின்றுவிடுகிறேன்.

கதை அனுப்பக் கை வராது என்று எழுதினாய். அப்படிச் செய்யாதே. கதை அவரைக் கூட்டிப் போகவில்லை அக்கா. ஏடு எழுதினவன் இது கதை என்று சொல்லித்தான் தொடங்குகிறான். தருமலிங்கம் அதைச் சொல்லவில்லை. பசி இருந்தது, அவன் பேச்சும் இருந்தது. அந்தச் சுவடி இல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார். சுவடி இருந்ததால்தான் அவர் குரலை உன்னால் கண்டுபிடிக்க முடிந்தது. நான் இங்கே உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழையில் இறாலுக்கு இறங்க முடியாத நாட்களில் இங்குள்ள பெண்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஜெயம்மா ஏட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதனால் படித்தேன். பேய்க் கதைதான். கிணற்றடி இடம் வந்தபோது ஒருத்தரும் அசையவில்லை. உனக்கு அது ஏன் பிடிக்கும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. போனவள் திரும்பி வந்து தலை பின்னிவிடுகிறாள், அவ்வளவுதான். கேட்டவர்கள் யாரும் பயப்படவில்லை. எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவர் போயிருக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் இருக்கிற கடல் கதை எல்லாவற்றையும் அனுப்பு. குப்பத்தில் யாரிடமாவது இருந்தால் வாங்கி அனுப்பு. கோட்டைக்கு வருகிற கப்பலாட்கள் அந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றிச் சொல்வதை மாமா கேட்டு வந்தால், அதையும் எழுதி அனுப்பு. அங்கே என்ன மரம் இருக்கும், காலையில் என்ன பறவை கத்தும், மண் என்ன நிறம், எதுவாக இருந்தாலும் சரி. யாரோ பார்த்து எழுதியதும் வேண்டும், பார்க்காமல் எழுதியதும் வேண்டும். எது பொய், எது நிஜம் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். பிரிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் இருக்கிற இடத்தைப் பற்றி எனக்கு வேறு யார் சொல்லுவார்கள்?

தருமலிங்கம் இப்போது வடக்கே போய்விட்டதாக வேணு சொன்னான். பட்டியும் காலியாகக் கிடக்கிறதாம். அதனால் அடுத்த அமாவாசைக்குக் கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அவள் நைனா எங்கே போனார் என்று தினமும் கேட்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். கடல் என்றால் என்ன என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா. இத்தனை கதை படித்தும் எனக்கே தெரியவில்லை.

நீ எங்கள் இருவரையும் கரைக்குக் கூட்டிப்போ. கூட வேறு யாரும் வேண்டாம். கப்பல் போன திசையை மாமா உனக்குக் காட்டியிருப்பார், அதை எங்களுக்குக் காட்டு. அப்புறம் கொஞ்ச நேரம் எங்களிடம் எதுவும் பேசாதே.

ராஜாத்தி